லிக்னினை எரிப்பதைத் தவிர வேறென்ன செய்யலாம்?

மரத்திலிருந்தோ கரும்புச் சக்கையிலிருந்தோ செல்லுலோஸ் நாரை மட்டும் பிரித்தெடுத்து, தட்டையாக்கிக் காயவைத்தால் அதுதான் பேப்பர். அப்படிப் பிரிக்கும்போது மிஞ்சுகிற பெரிய சமாச்சாரம் லிக்னின். மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு இதுதான், புல் வகைகளில் கொஞ்சம் குறையும். நார்களுக்கு நடுவே இறுகி நின்று மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பதும், தண்ணீர் போகும் குழாய்கள் ஒழுகாமல் பார்த்துக்கொள்வதும், பூச்சியும் பூஞ்சையும் சுலபமாக உள்ளே நுழையாமல் தடுப்பதும் இதன் வேலை. உலகம் முழுக்கக் காகிதக்கூழ் ஆலைகளிலிருந்து வருடத்துக்கு 5 கோடி டன் அளவில் லிக்னின் வெளிவருகிறது என்று பொதுவாகக் கணக்குச் சொல்வார்கள். அதில் ஒரு பொருளாக வெளியே விலைக்குப் போவது நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது, மீதியெல்லாம் ஆலைக்குள்ளேயே எரிகிறது.

இதற்காக ஆலைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கார்ல் டால் 1879 வாக்கில் உருவாக்கிய கிராஃப்ட் முறையில்தான் இன்றும் உலகின் பெரும்பகுதி ரசாயனக் கூழ் தயாராகிறது. மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் போட்டு, அழுத்தத்தில் 170 டிகிரி செல்சியஸ் வரை வேகவைத்தால், லிக்னின் கரைந்து கருப்புத் திரவமாக வெளியே வந்துவிடும், நார் தனியே நிற்கும். அந்தக் கருப்புத் திரவத்துக்கு ஆலையில் பிளாக் லிக்கர் என்று பெயர். அதைச் சுண்டக் காய்ச்சி ரெகவரி பாய்லரில் எரித்தால் ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் கிடைக்கின்றன, போட்ட சோடியம் ரசாயனமும் உருகி அடியில் திரும்ப வந்துவிடுகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை வைத்துப் பேப்பர் செய்யும் டிஎன்பிஎல் ஆலையிலும் பிளாக் லிக்கர் போய்ச் சேரும் இடம் ரெகவரி பாய்லர்தான். ஆக, லிக்னினிலிருந்து ரசாயனம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர் இதைச் சும்மா கிடக்கும் குப்பை என்று நினைத்துக்கொண்டு வரக்கூடாது. அவர் அதை எடுத்துக்கொண்டு போனால், அந்த வெப்பத்துக்கு ஈடாக ஆலை நிலக்கரியோ வேறு எரிபொருளோ வாங்கியாக வேண்டும்.

பிறகு எதற்கு இந்த மெனக்கெடல்? பென்சீன் வளையத்துக்காக. ஆறு கார்பன் அணுக்கள் வட்டமாகக் கைகோத்து நிற்கும் இந்த வளையம் இல்லாமல் இன்றைய ரசாயனத் தொழிலில் பாதி நடக்காது. நைலான், தெர்மாகோல், குளிர்பான பாட்டில், சாயம், பாராசிட்டமால் என்று எதை எடுத்தாலும் அதன் மூலத்தில் பென்சீனோ டொலுயீனோ சைலீனோ இருக்கும், அவை பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருகின்றன. இயற்கையில் மறுபடி மறுபடி வளரக்கூடிய பொருள்களில், இந்த வளையத்தை இவ்வளவு பெரிய அளவில் வைத்திருப்பது லிக்னின் ஒன்றுதான். சர்க்கரையிலிருந்தோ ஸ்டார்ச்சிலிருந்தோ பென்சீன் வளையம் செய்ய ஒரு பெரிய சுற்று சுற்ற வேண்டும், லிக்னினில் அது ஏற்கனவே செய்து வைக்கப்பட்டிருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதை உடையாமல் கழற்றி எடுப்பது மட்டுமே. அந்த "மட்டுமே"வில்தான் சிக்கல் முழுக்க.

செல்லுலோஸில் ஒரே மாதிரி குளுக்கோஸ், ஒரே மாதிரி பிணைப்பில், ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். லிக்னின் சீமைக்கருவேலம் புதர் மாதிரி: எந்தக் கிளை எந்தப் பக்கம் போய் எதோடு பின்னிக்கொண்டது என்று அதற்கே தெரியாது. செடி இதைச் செய்கிற விதம் அப்படி. கூமரைல், கோனிஃபெரைல், சினாபைல் என்ற மூன்று ஆல்கஹால்களைச் செல்லுக்குள் தயாரித்துச் செல்சுவருக்கு அனுப்புகிறது. அங்கே சில நொதிகள், அதாவது என்சைம்கள், அவற்றிலிருந்து ஆளுக்கொரு எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுகின்றன. எலக்ட்ரான் இழந்த மூலக்கூறு ரேடிக்கலாக மாறுகிறது, ரேடிக்கல் என்றால் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். அச்சு இல்லாமல், முன்கூட்டி எழுதிய வரிசை இல்லாமல், கிடைத்த இடத்தில் கிடைத்தபடி ஒட்டி வளர்ந்த வலைதான் லிக்னின். இப்படி உண்டான பிணைப்புகளில் ஏறக்குறைய பாதி, மரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடவோ குறையவோ, பீட்டா-ஓ-4 என்ற வகை. நடுவில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதை உடைப்பது ஓரளவு சுலபம். மீதியில் கார்பனும் கார்பனும் நேரடியாகச் சேர்ந்தவை நிறைய, அவை லேசில் அசையாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பல கட்டுரைகளில் இது விட்டுப்போகிறது. மரத்தில் இருக்கும் லிக்னினும் ஆலையிலிருந்து வரும் லிக்னினும் ஒன்றில்லை. 170 டிகிரியில் காரத்தில் வெந்தபோதே சுலபமான பீட்டா-ஓ-4 பிணைப்புகளில் பெரும்பகுதி உடைந்து, உடைந்த துண்டுகள் புதிதாக கார்பன்-கார்பன் பிணைப்பில் ஒன்றோடொன்று சேர்ந்து, போதாக்குறைக்குக் கந்தகமும் ஏறி, முன்பைவிடக் கெட்டியான வேறொரு பொருளாகிவிடும். "லிக்னினிலிருந்து 60 சதவீதம் கிடைத்தது" என்று யாராவது சொன்னால், எந்த லிக்னின் என்பதுதான் முதல் கேள்வி.

பூஞ்சையிடம் இருக்கும் வித்தை

லிக்னினை உடைக்கக் கற்ற உயிர்கள் உண்டு. மழைக்காலத்தில் கீழே விழுந்து கிடக்கும் மரம் வெளுத்து, நார் நாராக, பஞ்சு மாதிரி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அது வெள்ளை அழுகல் பூஞ்சைகளின் வேலை. நாம் சாப்பிடும் சிப்பிக்காளான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். லிக்னின் அதிகமாக இருப்பதால் சுலபத்தில் மக்காத தென்னை நார்க்கழிவை உரமாக்க, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 'பித்பிளஸ்' என்ற பெயரில் கொடுப்பதும் ஒரு சிப்பிக்காளான் வித்துதான். கிராமத்தில் அதைத் தூவி உரம் போடுகிறவர்கள், இந்தக் கட்டுரையின் பாதி விஷயத்தைப் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பூஞ்சைகள் வெளியே விடும் நொதிகளில் லாக்கேஸ் பழைய பெயர். ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலை ஆராய்ந்த யோஷிதா 1883லேயே இதைக் கவனித்திருக்கிறார். இதற்குள் நான்கு செம்பு அணுக்கள் இருக்கின்றன. மேற்பரப்புக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செம்பு, லிக்னினின் ஃபீனால் பகுதியிலிருந்து, அதாவது பென்சீன் வளையத்தில் ஓஎச் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து, எலக்ட்ரானை வாங்கி உள்ளே இருக்கும் மற்ற மூன்றுக்கும் கடத்துகிறது. அங்கே நான்கு எலக்ட்ரான் சேர்ந்ததும் ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு தண்ணீராகிவிடுகிறது. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கழிவாக விடுகிறது என்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஆனால் இதன் பலம் கொஞ்சம் குறைவு: ஃபீனால் முனைகளைத்தான் தொடும், லிக்னினில் அவை சிறுபான்மை. இன்னும் பலசாலி 1983ல் ஃபானெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் கண்டுபிடித்த லிக்னின் பெராக்ஸிடேஸ், அது ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் பயன்படுத்தி ஃபீனால் இல்லாத பகுதியையும் தாக்கும். ஆனால் அதே பெராக்ஸைடு கொஞ்சம் கூடினால் நொதியே செத்துவிடும், பெரிய அளவில் தயாரிப்பதும் கஷ்டம். அதனால் நிறைய பேர் லாக்கேஸையே வைத்துக்கொண்டு, கூடவே மீடியேட்டர் என்ற சின்ன மூலக்கூறு ஒன்றைப் போடுகிறார்கள். நொதி அதிலிருந்து எலக்ட்ரானை எடுக்க, அது ஓடிப்போய், பருத்த நொதி நுழைய முடியாத சந்துகளில் லிக்னினைத் தாக்கும். 1990லிருந்து இந்த உத்தி புழக்கத்தில் இருக்கிறது. லிக்னினிலிருந்தே கிடைக்கும் சிரிஞ்சால்டிஹைடு போன்றவையும் மீடியேட்டராக வேலை செய்யும்.

சரி, நொதி இருக்கிறது, லிக்னின் இருக்கிறது, இரண்டையும் தண்ணீரில் கலந்தால் முடிந்ததா? இல்லை. லிக்னின் தண்ணீரில் கரையாது. நன்றாகக் காரம் ஏற்றினால் கரையும், ஆனால் பூஞ்சைகளின் லாக்கேஸுக்குப் பிடித்தது லேசான புளிப்பு, பிஎச் 4 அல்லது 5. அந்தப் புளிப்புக்குக் கொண்டுவந்தால் லிக்னின் பழுப்புச் சேறாக அடியில் உட்கார்ந்துகொள்ளும், கரைந்த நிலையில் வைத்திருந்தால் நொதி சுருண்டுவிடும். நொதியோ திரவத்தில் மிதக்கும் உருண்டை, கெட்டியான துகளின் மேல்தோலைத்தான் அதனால் சுரண்ட முடியும். ஆக, காரம் இல்லாமலே லிக்னினைக் கரைக்கும் ஒரு திரவம் வேண்டும்.

உப்பு, ஆனால் திரவம்

சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். சோடியமும் குளோரைடும் சின்ன உருண்டைகள், நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், பிரிக்கக் கடினம். அதற்குப் பதில் ஒரு அயனியைப் பெரிதாக, கோணல்மாணலாக, ஒழுங்காக அடுக்க முடியாத வடிவத்தில் எடுத்துக்கொண்டால் உருகுநிலை தடாலென்று இறங்கிவிடும். 100 டிகிரிக்குக் கீழே திரவமாக இருக்கும் உப்புகளுக்கு அயனித் திரவம் என்று பெயர். பால் வால்டன் 1914ல் விவரித்த எத்திலமோனியம் நைட்ரேட் சுமார் 12 டிகிரியிலேயே உருகிவிடும், சென்னை வெயிலில் எப்போதும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இது ரொம்ப காலம் ஒரு வேடிக்கையாகவே கிடந்தது. 2002ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸ் குழு, இமிடசோலியம் குளோரைடு வகை அயனித் திரவத்தில் செல்லுலோஸ் கரைகிறது என்று காட்டிய பிறகுதான், மரத்தோடும் வைக்கோலோடும் மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

கரைப்பது எப்படி நடக்கிறது? மரத்துக்குள் செல்லுலோஸும், ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியும், லிக்னினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு. அயனித் திரவத்தின் எதிர்மின் அயனி, அசிடேட் என்று வைத்துக்கொள்வோம், அந்த ஹைட்ரஜன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, பழைய பிடி தளர்ந்துவிடுகிறது. நேர்மின் அயனியில் இமிடசோலியம் மாதிரி வளையம் இருந்தால், அது லிக்னினின் வளையங்களோடு அடுக்கி உட்கார்ந்து அவற்றைத் திரவத்துக்குள் இழுக்க உதவுகிறது. எந்த இரண்டு அயனிகளை ஜோடி சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, எல்லாவற்றையும் கரைக்கலாம், அல்லது லிக்னினை மட்டும் கரைத்துவிட்டுச் செல்லுலோஸை அப்படியே விடலாம். கலிஃபோர்னியாவின் எமரிவில்லில், தாவரங்களிலிருந்து எரிபொருள் எடுப்பதை ஆராயும் ஜேபிஇஐ ஆய்வகம் நிறையப் பயன்படுத்தும் கோலினியம் லைசினேட் இந்த இரண்டாம் வகைக்குப் பக்கத்தில் வரும். கோலினும் லைசினும் கோழித்தீவனத்தில் சேர்க்கிற சமாச்சாரங்கள், அதனால் பயமுறுத்தாத ஜோடி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜேசன் ஹாலெட் குழு வேறு வழியில் போனது. ட்ரைஎத்திலமீனையும் கந்தக அமிலத்தையும் கலந்தாலே கிடைக்கும் மலிவான உப்பை, கொஞ்சம் தண்ணீரோடு வைத்து லிக்னினைப் பிரித்தெடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் இன்னும் தண்ணீர் ஊற்றினால் லிக்னின் தூளாகக் கீழே இறங்கிவிடும். பெரிய அளவில் தயாரித்தால் இந்த உப்பு கிலோவுக்குச் சுமார் 1.24 டாலர் ஆகும் என்று 2014ல் கணக்குப் போட்டார்கள். இமிடசோலியம் வகையறாக்களின் விலையோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

அயனித் திரவங்களைப் "பசுமைக் கரைப்பான்" என்று கண்ணை மூடிக்கொண்டு புகழ்வது எனக்கு ஒப்புதலில்லை. ஆவியாகாது, அதனால் காற்றைக் கெடுக்காது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பல இமிடசோலியம் உப்புகள் தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு நஞ்சு, சீக்கிரம் மக்குவதும் இல்லை. எந்த உப்பு என்று கேட்காமல் பச்சை முத்திரை குத்துவதில் அர்த்தமில்லை.

இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால்

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. லிக்னினை நன்றாகக் கரைக்கும் திரவம் பெரும்பாலும் நொதிக்கு எமன். நொதியும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் மடிந்து நிற்கும் ஒரு புரதம்தானே, மரத்தில் பிடியைத் தளர்த்திய அதே அயனி நொதியின் மடிப்பையும் அவிழ்க்கும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தண்ணீர்ப் போர்வையையும் உறிஞ்சிவிடும், அந்தப் போர்வை இல்லாமல் பெரும்பாலான நொதிகள் நெகிழ முடியாது. லாக்கேஸுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம்: குளோரைடு மாதிரி ஹாலைடு அயனிகள் உள்ளே இருக்கும் செம்பின் மேல் போய் உட்கார்ந்து ஆக்ஸிஜனின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

தீர்வுகள் மூன்று நான்கு திசையில் தேடப்படுகின்றன. எல்லாவற்றிலும் எளிது, தண்ணீர் ஊற்றுவது. பத்து இருபது சதவீதம் அயனித் திரவம், மீதி தண்ணீர் என்றால் பல லாக்கேஸ்கள் தாக்குப்பிடிக்கும், லிக்னினும் வெறும் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம் கரைந்திருக்கும். குளோரைடைத் தவிர்த்து மென்மையான அயனியைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. கோலின் டைஹைட்ரஜன் பாஸ்ஃபேட் போன்ற சில உப்புகள் சில புரதங்களை நிலையாக வைத்திருக்கக்கூட உதவுகின்றன. அப்புறம், உப்பு நிறைந்த இடத்திலும் வெந்நீர் ஊற்றிலும் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து நொதியை எடுப்பது அல்லது ஆய்வகத்தில் நொதியின் மரபணுவை மாற்றி மாற்றி, தாங்குகிற வகையைப் பொறுக்குவது. கோலினியம் லைசினேட்டில் காரத்தன்மை அதிகம், நொதி போடுமுன் அதைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அமிலம் ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும், செலவும் ஏறும். அதற்காகக் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை அழுத்தத்தில் செலுத்திப் பிஎச்சை இறக்கி, வேலை முடிந்ததும் வாயுவைத் திறந்துவிடும் முறையை முயன்றார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த உத்தி இதுதான்.

நொதி பிழைத்துவிட்டது, லிக்னின் கரைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடைவதா பிரச்சனை? உடைந்தது உடைந்தபடி இருப்பதுதான் பிரச்சனை. லாக்கேஸ் செய்வது எலக்ட்ரானைப் பிடுங்கி ரேடிக்கலை உண்டாக்குவது, செடி லிக்னினைக் கட்டியதும் அதே முறையில்தான், செடிக்குள் கட்டும் வேலையைச் செய்யும் நொதிகளில் லாக்கேஸும் ஒன்று. ஒரே கத்தி வெட்டவும் செய்கிறது, ஒட்டவும் செய்கிறது. பாத்திரத்தில் ஒரு நாள் விட்டுவைத்துப் பார்த்தால் சின்னத் துண்டுகளுக்குப் பதில் முன்பைவிடப் பெரிய மூலக்கூறு கிடைத்த ஆய்வுகள் எத்தனையோ. பூஞ்சைக்கு இந்தத் தொல்லை குறைவு, உடைந்த துண்டை அது உடனே உள்ளே இழுத்துச் சாப்பிட்டுவிடுகிறது.

இதைச் சமாளிக்க ரேடிக்கலே உண்டாக்காத நொதிகளைச் சிலர் நம்புகிறார்கள். ஜப்பானில் கூழ் ஆலைக் கழிவுநீர்க் குட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஸ்ஃபிங்கோபியம் எஸ்ஒய்கே-6 என்ற பாக்டீரியாவில் பீட்டா-ஈத்தரேஸ் என்ற நொதிகள் இருக்கின்றன. முதலில் ஒரு நொதி பீட்டா-ஓ-4 பிணைப்புக்குப் பக்கத்தில் உள்ள ஆல்கஹாலைக் கீட்டோனாக்குகிறது, அடுத்தது குளூட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறைக் கொண்டு பிணைப்பைக் குறிபார்த்து வெட்டுகிறது, மூன்றாவது அந்தக் குளூட்டாதயோனைக் கழற்றி விடுகிறது. சுத்தமான வேலை. ஆனால் குளூட்டாதயோனும் என்ஏடி என்ற துணைப்பொருளும் விலை அதிகம், அவற்றைச் சுழற்சியில் திரும்ப உண்டாக்க வேண்டும். இந்த நொதிகள் பாக்டீரியாவின் உள்ளே இருப்பவை என்பதால் பெரிய லிக்னின் மூலக்கூறைவிடச் சின்னத் துண்டுகளில்தான் நன்றாக வேலை செய்கின்றன. மேலே சொன்ன கிராஃப்ட் லிக்னினில் பீட்டா-ஓ-4 ஏற்கனவே தீர்ந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள், அங்கே இவற்றுக்கு வேலை குறைவு. அயனித் திரவத்தால் பதமாகப் பிரித்த லிக்னினில் அந்தப் பிணைப்புகள் ஓரளவு மிஞ்சியிருக்கும் என்பதுதான் இந்த ஜோடியைத் தொடர்ந்து முயல்வதற்கு நல்ல காரணம்.

எவ்வளவு நன்றாக உடைத்தாலும் கிடைப்பது ஒரே பொருளாக இருக்காது, வனிலா வாசனை தரும் வனிலின், சிரிஞ்சால்டிஹைடு, கூமரிக் அமிலம், ஃபெருலிக் அமிலம் என்று ஒரு கதம்பம். இவற்றைத் தனித்தனியே பிரிக்கும் செலவிலேயே லாபம் போய்விடும். அதற்கு அமெரிக்காவின் கொலராடோவில், 2025 வரை தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் என்ற பெயரில் இருந்த ஆய்வகத்தில் கிரெக் பெக்கம் குழு எடுத்த வழி, பிரிக்காமல் அப்படியே பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகப் போடுவது. சூடோமோனாஸ் பியூடிடா என்ற மண் பாக்டீரியா பலவகை வளையங்களைத் தின்று, அவற்றைக் கேட்டகால் போன்ற ஓரிரு இடைப்பொருள்களாகச் சுருக்கிவிடும். அதற்கு மேல் ஜீரணிக்கும் மரபணுவை நீக்கிவிட்டால், மியூகானிக் அமிலம் என்ற ஒரே பொருள் சேர்ந்துகொண்டே வரும். அதில் ஹைட்ரஜன் ஏற்றினால் அடிபிக் அமிலம், அது நைலான் 6,6க்கு மூலப்பொருள். இப்போது அடிபிக் அமிலத்தை எண்ணெய்ச் சரக்கிலிருந்து நைட்ரிக் அமிலம் போட்டுத் தயாரிக்கிறார்கள், அந்தப் படியில் நைட்ரஸ் ஆக்ஸைடு வெளியாகிறது, கார்பன் டை ஆக்ஸைடைவிட இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு அது. இந்த முறைக்கும் ஒரு நிபந்தனை: உள்ளே மிஞ்சியிருக்கும் அயனித் திரவம் பாக்டீரியாவைக் கொல்லக்கூடாது, கோலின் வகை உப்புகளுக்கு மவுசு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணக் கணக்குக்கு வருவோம். லிக்னினிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்யலாம், காசு மட்டும் பண்ண முடியாது என்று இந்தத் துறையில் ஒரு பழைய கிண்டல் உண்டு. ஆனாலும் விதிவிலக்கு இருக்கிறது: நார்வேயின் சார்ப்ஸ்போர்கில் போரெகார்ட் நிறுவனம் லிக்னினிலிருந்து வனிலின் தயாரித்து விற்கிறது, நொதியால் அல்லாமல் பழைய முறையில், வினையூக்கியும் ஆக்ஸிஜனும் வெப்பமும் வைத்து. 1981ல் கனடாவின் தொரால்டில் இருந்த ஒரே ஆலை உலகச் செயற்கை வனிலின் சந்தையில் 60 சதவீதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது, கழிவுப் பிரச்சனையால் 1980களின் இறுதியில் அது மூடப்பட்டது. இன்று பெரும்பகுதி வனிலின் எண்ணெயிலிருந்து எடுக்கும் குவாயகாலிலிருந்துதான் வருகிறது. உலகுக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய வனிலின் மொத்தமே 20,000 டன் அளவுதான், அதாவது வெளிவரும் லிக்னினில் ஒரு துளி இதற்குப் போதும், அதற்கு மேல் செய்தால் விலை சரியும். அடிபிக் அமிலத்தின் சந்தை 25, 30 லட்சம் டன். வாசனைப் பொருள் என்ற கவர்ச்சி இல்லாவிட்டாலும் அளவு என்று பார்த்தால் மியூகானிக் அமில வழிதான் பொருத்தமாகத் தெரிகிறது.

அதற்கும் முன்னால் கரைப்பானைத் திரும்ப எடுக்கும் வேலை நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அயனித் திரவத்தில் ஐந்து சதவீதம் தொலைந்தால், இருபது சுற்றில் முதலில் போட்ட அளவுக்கே புதிதாக வாங்கியிருப்போம், நைலான் விலைக்கு அது கட்டுப்படியாகாது. 98, 99 சதவீதமாவது திரும்பி வர வேண்டும், ஊற்றிய தண்ணீரை ஆவியாக்கும் எரிபொருளையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். தொலைவதை ஈடுகட்ட ஜேபிஇஐ குழு 2014ல் இன்னொரு யோசனையைக் காட்டியது: லிக்னினிலிருந்தும் ஹெமிசெல்லுலோஸிலிருந்தும் கிடைக்கும் ஆல்டிஹைடுகளை அமீனோடு சேர்த்து அயனித் திரவத்தையே செய்துவிடுவது. அப்படிச் செய்த திரவங்கள் புல்லைப் பதப்படுத்துவதில் வழக்கமான இமிடசோலியம் அசிடேட்டுக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தன. ஆலைக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டியது குறையும், அடுத்த லாரி சக்கையைக் கரைக்கும் திரவத்தின் ஒரு பகுதி முந்தைய லாரி சக்கையிலிருந்தே வந்துவிடும்.